அசோகனின் அறவெற்றியும் ஊவாவின் வெள்ளரசும்

மடுல்சீமையின் தேயிலைச் சரிவுகளினின்றும் பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கி வருவோர், நகரின்கண் முத்தியங்கணை விகாரையைக் காண்பர். அதன் தாதுகோபத்தை எடுப்பித்தவன் தேவநம்பியதீசன் என்பது மரபு. ஊவா மாகாணத்தின் தென்பாலுள்ள கதிர்காமத்தில், புத்தகயையின் போதிமரத்து வழிவந்த வெள்ளரசங் கன்றொன்று அம்மன்னன் காலத்திலேயே நடப்பெற்றதென மகாவம்சம் கூறும். இச்செய்திகளின் மூலத்தைத் தேடிச் செல்வோமாயின், இறுதியிற் பாடலிபுத்திரத்து அசோகனின் அரசவையை அடைவோம். கங்கைச் சமவெளியில் தோன்றிய ஒரு நெறி கடல் கடந்து இம்மலைநாடு வரை பரவியதில் அப்பேரரசனின் பங்கு யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்கு இருவகைச் சான்றுகள் உள. ஒன்று அசோகன் பொறித்த கல்வெட்டுக்கள். மற்றையது தீபவம்சம், மகாவம்சம் ஆகிய பாளி நூல்கள். இவ்விரண்டும் ஒன்றையொன்று விளக்கிய வரலாறு சுவை மிக்கது. 1837ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்செப் என்பார் பிராமி எழுத்துக்களைப் படித்தறிந்தபோது, 'தேவனாம்பிய பியதசி' என்னும் பெயரையே எங்கும் கண்டார். அவன் இலங்கையின் தேவநம்பியதீசனே என முதலில் அவர் மயங்கினார். இலங்கைச் சிவில் சேவையிலிருந்த ஜோர்ஜ் டர்னர், தீபவம்சத்தைத் துணைக்கொண்டு, பியதசி என்பான் சந்திரகுப்தனின் பேரனாகிய அசோகனே என்று நிறுவினார். பாரதம் மறந்துவிட்ட மன்னனை அடையாளங்காட்டியது ஈழத்து நூலென்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அசோகன் ஏறத்தாழக் கி. மு. 268 முதல் 232 வரை ஆட்சிபுரிந்தான். முடிசூடிய 8ஆம் ஆண்டில் கலிங்கத்தை வென்றான். அப்போரில் ஒன்றரை இலட்சம் மக்கள் சிறைப்பட்டு அகற்றப்பட்டனர் என்றும், ஓரிலட்சம் பேர் களத்தில் மாண்டனர் என்றும், அதனிற் பன்மடங்கினர் பின்னர் மடிந்தனர் என்றும் அவனே 13ஆம் பாறைக் கல்வெட்டிற் கூறுகின்றான். வென்றவன் தன் வெற்றியின் கொடுமையைத் தானே எண்ணிக்கையிட்டுக் கல்லிற் பொறித்தமை உலக வரலாற்றில் அரிதாகும். படைவெற்றியினும் அறவெற்றியே தலையாயது என அவன் துணிந்ததும் அக்கல்வெட்டினாலேயே அறியப்படுகின்றது. அவ்வறவெற்றி எய்திய இடங்களாக யவன மன்னர் ஐவரின் நாடுகளையும், தெற்கே சோழ பாண்டிய நாடுகளையும், தாம்பபன்னியாகிய இலங்கையையும் அவன் குறிக்கின்றான்.

2ஆம் பாறைக் கல்வெட்டோ சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரையும் தாம்பபன்னியையும் ஒருங்கே கூறுகின்றது. இந்நாடுகளில் மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டமையும், மூலிகைகள் நடப்பட்டமையும், வழிகளிற் கிணறுகள் தோண்டப்பட்டமையும் அதன் பொருளாம். சத்தியபுத்திரர் யாவர் என்பது நெடுங்காலம் வழக்கிடப்பட்டு வந்தது. 1981இல் தமிழகத்தின் ஜம்பையிற் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியைச் 'சதியபுதோ' என அழைப்பதால், அவர் அதியர் மரபினரே எனத் தெளிவாயிற்று. எனவே அசோகனின் நோக்கில் தமிழகமும் இலங்கையும் ஒரே நெறியில் அமைந்த அண்டை நாடுகளாகும்.

எனினும், இக்கல்வெட்டுக்கள் கூறும் தர்மம் பௌத்த சமயமே என்று கொள்ளுதல் பொருந்தாது. பெற்றோரைப் பேணல், உயிர்க்கொலை தவிர்த்தல், அடிமைகளையும் ஏவலரையும் நன்கு நடத்தல், பிராமணருக்கும் சிரமணருக்கும் ஈதல் என்பனவே அவற்றிற் பேசப்படுகின்றன. நால்வகை வாய்மையோ நிருவாணமோ அவற்றில் இல்லை. மன்னன் தன்னளவிற் பௌத்தனே. 20ஆம் ஆட்சியாண்டில் உலும்பினிக்கு யாத்திரை சென்று, அவ்வூரின் வரியையும் குறைத்தான். ஆயினும் பராபர் மலைக்குகைகளை ஆசீவகருக்கு அளித்தவனும் அவனே. குடிகளனைவர்க்கும் பொதுவறத்தையும், தனக்கெனப் பௌத்தத்தையும் அவன் கைக்கொண்டான் என்பதே பொருத்தமாம்.

பாளி நூல்கள் வேறொரு காட்சியைத் தருகின்றன. மொக்கலிபுத்த தீசரின் தலைமையிற் பாடலிபுத்திரத்தில் மூன்றாம் சங்கம் கூடியதென்றும், அதன்பின் ஒன்பது திசைகளுக்குத் தேரர்கள் அனுப்பப்பட்டனர் என்றும் அவை கூறும். இச்சங்கத்தைப் பற்றியோ, மகிந்த தேரரைப் பற்றியோ கல்வெட்டுக்கள் ஒன்றும் பேசவில்லை. அதனால் அந்நூல்களை முற்றும் கட்டுக்கதை எனத் தள்ளிவிடலாமோ? ஆகாது. 1851இற் சாஞ்சியிற் கனிங்காம் கண்டெடுத்த தாதுப் பேழைகளில், இமயநாட்டுக்குச் சென்றவர்களாக அந்நூல்கள் கூறும் மச்சிமர், காசபகோத்தர் ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. தூது சென்றோர் மெய்ம்மாந்தரே என்பது இதனாற் பெறப்படும். அவர்களை அனுப்பியது சங்கம்; அவர்கள் செல்லும் வழியை அமைதியும் நட்பும் உடையதாக்கியது அரசு எனக் கொள்ளின் இருவகைச் சான்றுகளும் முரணின்றி இயையும்.

இலங்கைக்கு வந்த மகிந்தர் அசோகனின் மைந்தர் என்பது மகாவம்சத்தின் கூற்று. தம்பி என்பது சீன யாத்திரிகர் யுவான் சுவாங் கேட்டறிந்தது. மிகிந்தலையில் மகிந்தர் தேவநம்பியதீசனைச் சந்தித்தபின், சங்கமித்தை வெள்ளரசங் கிளையுடன் சம்புகோளத்தில் வந்திறங்கினாள். அத்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள சம்பில்துறை என்பர். முதலில் முளைத்த எட்டுக் கன்றுகளுள் ஒன்று சம்புகோளத்திலும், ஒன்று திவக்கன் என்னும் பிராமணனின் ஊரிலும், ஒன்று கதிர்காமத்திலும் நடப்பெற்றன. தலைநகரின் விழாவிற்குக் கதிர்காமத்துச் சத்திரியரும் வந்திருந்தனர் என்னும் குறிப்பு, இன்றைய ஊவாவின் பழங்குடித் தலைவர்கள் இப்புதுநெறியை வரவேற்றமையைக் காட்டுகின்றது.

அரசனின் ஆதரவு மாத்திரம் ஒரு சமயத்தை நிலைபெறச் செய்யுமோ? இதற்கு விடையைப் பாளி விநய உரையே தருகின்றது. இலங்கையிற் பிறந்து, இலங்கைப் பெற்றோரின் மகனாய், இங்கேயே துறவுபூண்டு, இங்கேயே விநயத்தைக் கற்று ஓதுவானொருவன் தோன்றும்போதே சாசனம் இந்நாட்டில் வேரூன்றும் என மகிந்தர் மொழிந்ததாக அது கூறும். விதை வெளியினின்று வரலாம். வேர் உள்ளூர் மண்ணிலேயே ஓடல்வேண்டும். அம்மண்ணிலே தமிழரும் இருந்தனர். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில், விசாகன் என்னும் தமிழ் வணிகனின் குகைக்கொடையைக் குறிக்கும் பழைய பிராமிக் கல்வெட்டு உளது.

அசோகனின் குறைகளையும் மறைத்தல் தகாது. கலிங்கப் போருக்கு இரங்கும் கல்வெட்டைக் கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் அவன் பொறிக்கவில்லை. காட்டுவாழ் மக்களுக்குத் தன் வலிமையை நினைவூட்டி எச்சரித்தான். சங்கத்தைப் பிளக்கும் துறவிகளுக்கு வெள்ளாடை உடுத்தி வெளியேற்றவும் ஆணையிட்டான். அறத்தை விரும்பிய கையிலும் செங்கோல் இருந்தது.

ஆயினும் அவன் விட்டுச் சென்றவற்றுள் 12ஆம் பாறைக் கல்வெட்டின் கருத்தே தலைசிறந்தது. தன் சமயத்தின் மீதுள்ள பற்றினாற் பிற சமயத்தை இகழ்வோன், தன் சமயத்திற்கே பெருந்தீங்கு இழைக்கின்றான் என்பது அதன் சாரம். கதிர்காமத்திலே கந்தன் திருக்கோயிலும் கிரிவிகாரையும் அண்மையில் விளங்குகின்றன. இருவகை அடியாரும் அங்கு வழிபடுகின்றனர். இலங்கைப் பௌத்தத்தின் வரலாற்றைப் பிறர் வரலாறு என ஒதுக்கும் தமிழ் மாணவனும், அதில் தமிழருக்கு இடமில்லை எனக் கருதும் பிறரும் இவ்விரு தலங்களையும் ஒருங்கே நோக்குவாராக. மகிந்தரும் வெள்ளரசும் வந்த வழியில் தமிழர் வாழ்ந்தனர், வணிகஞ் செய்தனர், கொடையும் அளித்தனர். கல்லிற் பொறித்த இவ்வுண்மையைக் கற்பது நமது கடன்.