எத்தனையாம் வகுப்பு?

பலேர்மோவின் லிபெர்த்தாப் பகுதிக்குப் பெயர் கொடுத்த நெடுஞ்சாலை 1848ஆம் ஆண்டுப் புரட்சிக் காலத்தில் உருவானது. லிபெர்த்தா என்றால் விடுதலை. 1980களிலிருந்து இந்நகருக்கு வந்துசேர்ந்த எங்கள் சனங்களில் பலர் இத்தகைய வசதியான தெருக்களின் அடுக்குமாடி வீடுகளில் தரை துடைத்தும், சமைத்தும், முதியோரைப் பார்த்தும் குடும்பங்களை நிமிர்த்தினார்கள். அவர்களுக்குப் பிள்ளையின் படிப்பை அளக்கக் கையில் இருந்தது ஒரே ஓர் அளவுகோல். ஊரிலிருந்து அம்மம்மா தொலைபேசியில் கேட்பதும் அதைத்தான்: “பிள்ளை இப்ப எத்தினையாம் வகுப்பு?”

ஆகவே, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில் இருத்தப் போகிறோம் என்று ஒரு சிறிய பள்ளிக்கூடம் சொன்னால் பெற்றோரின் வயிறு கலங்குவது இயல்பு. பெரிய பிள்ளை சிறுசுகளோடு இருந்து பின்தங்கிவிடாதா? ஆசிரியர் தட்டுப்பாட்டை மறைக்கிறார்களா? வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் ஒதுக்குகிறார்களா?

இந்தப் பயத்தில் இரண்டு வேறு விடயங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, பிள்ளையை வயதுக்குக் குறைந்த வகுப்பில் போடுவது. குடிவந்தவர்களின் பிள்ளைகளை வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டின் இத்தாலிய ஒழுங்குவிதி. ஆசிரியர் குழு காரணம் கண்டு தீர்மானித்தால் மட்டுமே வேறு வகுப்பு. மற்றது, பல வயதினரை வேண்டுமென்றே ஒன்றாக இருத்துவது. முதலாவது ஒரு பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு. இரண்டாவது ஒரு கற்பித்தல் முறை. அந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் எங்களுக்கும் பங்குண்டு.

எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வயதுவாரி வகுப்பு இருக்கவில்லை. ஏடு தொடக்கிய பிள்ளை மணலில் விரலால் ‘அ’ எழுதும். பக்கத்தில் ஒருவன் ஆத்திசூடி ஒப்பிப்பான். இன்னொருவன் எண்சுவடியில் நிற்பான். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1822இல் தோமஸ் மன்றோ சென்னை மாகாணத்தில் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 12,498 பள்ளிகளில் 188,650 பேர் படித்ததாக 1826இல் எழுதிய குறிப்பில் பதிவு செய்தார். இந்த எண்களைக் கண்டு பூரிக்கும் முன் ஒன்றை நினைக்க வேண்டும். அந்தத் திண்ணைகளில் வயது கலந்தது. சாதி எளிதில் கலக்கவில்லை. பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. பிரம்பும் கோதண்டமும் அங்கே பாடத்தின் பகுதிகள்.

அந்தக் கணக்கெடுப்புக்கு முன்பே ஒருவர் இந்த முறையைக் கண்டு வியந்திருந்தார். அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதைப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுவர விரும்பினார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார். அவன் செய்து காட்டினான். 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட அறிக்கை இதைப் பரப்பியது. ‘மதராஸ் முறை’ என்றே அதற்குப் பெயர் வந்தது. ஜோசப் லங்காஸ்ரர் இலண்டனில் இதையொத்த முறையை நடத்தினார். இரண்டும் சேர்ந்து ஐரோப்பா எங்கும் பேசப்பட்டன. இத்தாலிய நிலங்களிலும் ‘பரஸ்பரப் போதனை’ என்ற பெயரில் இம்முறைப் பள்ளிகள் எழுந்தன. ஸ்கொத்லாந்தின் சென் அன்ட்ரூஸ் நகரில் பெல்லின் கொடையால் 1833இல் எழுந்த பள்ளி இன்றும் ‘மதராஸ் கல்லூரி’ என்றே அழைக்கப்படுகிறது.

ஆனால் கடல் கடந்தபோது அதன் முகம் மாறியது. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்பதே பலரை இழுத்தது. சட்டாம்பிள்ளை, மலிவான ஆசிரியர் ஆனான். லிபெர்த்தாவின் பெற்றோர் அஞ்சுவது இந்த முகத்துக்குத்தான். அது வெறும் கற்பனைப் பயமல்ல.

வகுப்பேணியின் வரலாறும் எங்களிடம் உண்டு. பலேர்மோவில் அந்தச் சாலை தொடங்கிய அதே 1848இல், ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவருடைய பாலபாடங்கள் முதற்புத்தகம், இரண்டாம் புத்தகம் என்று படிப்படியாக எழுதப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டில் பள்ளிகள் பெருகப் பெருக ஒரு வயது, ஒரு புத்தகம், ஒரு பரீட்சை என்பது வழக்கமாயிற்று. அம்மம்மாவின் கேள்வி இந்த ஏணியிலிருந்து பிறந்தது. பரீட்சையில் ஏறினால் உத்தியோகம் என்று கண்ட சமூகத்துக்கு அந்த ஏணி பொய் சொல்லவும் இல்லை.

கலந்த அறைக்கு இரண்டாவது வாழ்வு கொடுத்தவர் ஓர் இத்தாலியர். மரியா மொன்ரிசோரி 1907 சனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரன்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் ‘சிறுவர் இல்லம்’ திறந்தார். வேலைக்குப் போகும் பெற்றோரின் பள்ளி வயது எட்டாத பிள்ளைகள் அங்கே ஒன்றாக இருந்தார்கள். பெரியவனைப் பார்த்துச் சின்னவன் பழகினான். சின்னவனுக்குக் காட்டிக் கொடுத்தபோது பெரியவனின் அறிவு உறுதிப்பட்டது. இங்கே பெரியவன் ஆசிரியரின் பதிலாள் அல்லன். ஆசிரியர் அறையில் இருந்து ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்தார்.

1939இல் அவர் மகன் மரியோவுடன் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதால் எதிரி நாட்டவர் ஆனார். மகன் சில மாதங்கள் தடுத்து வைக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தபோது, வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் கூடிய சிறு பள்ளியில் இலங்கையரான லீனா விக்கிரமரத்னவுடன் சேர்ந்து ஆரம்பப் பள்ளிக்கான தன் முறையை விரித்தார். இலங்கையில் எந்த பாலர் பள்ளியையும் ‘மொன்ரிசோரி’ என்றே சொல்கிறோம். இத்தாலிக்கு வருமுன்பே இத்தாலியப் பெயரொன்று எங்கள் வாயில் இருந்தது.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. எம்.பி.விஜயகுமார் முன்னின்ற இந்த முயற்சிக்கு ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முன்மாதிரி. முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகள் குழுக்களாகத் தரையில் அமர்ந்தார்கள். அட்டைகளை எடுத்துத் தன்தன் கற்றல் ஏணியில் ஏறினார்கள். நோயில் நாலு நாள் வராத பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடங்கலாம். 2007-08இல் இது மாநிலத்தின் அரசு ஆரம்பப் பள்ளிகள் எங்கும் சென்றது. ஏணி அங்கேயும் இருந்தது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் ஒரே படியில் நிற்கத் தேவையில்லை.

இன்றைய இத்தாலியில் மூன்று முதல் ஐந்து வயதினர் கலந்த பாலர் பிரிவுகள் சாதாரணம். ஆரம்பப் பள்ளியில் ‘பிளூரிகிளாசே’ என்னும் பலவகுப்பு அறைகள் மலைக் கிராமங்களிலும் சிறு தீவுகளிலும் பிள்ளைகள் குறைந்ததால் நடக்கின்றன. 2009ஆம் ஆண்டு விதி அதற்கு எட்டு முதல் பதினெட்டுப் பிள்ளைகள் என்று எல்லை வைத்திருக்கிறது. வார இறுதித் தமிழ் வகுப்புகளிலும் ஆட்கள் குறைந்த நகரங்களில் ஏழு வயதும் பதினொரு வயதும் ஒரே மேசையில்தான். அங்கே நாங்கள் வயிறு கலங்குவதில்லை.

கலந்த அறை தன்னளவில் நல்லதுமல்ல, கெட்டதுமல்ல. சிக்கனத்துக்காக வந்ததா, கவனத்துக்காக வந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே பள்ளிக்கூட வாசலில் பெற்றோர் கூச்சப்படாமல் கேட்கலாம்: ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள்? மூத்த பிள்ளைகளுக்குத் தனியாக என்ன வேலை? என் பிள்ளை எங்கே நிற்கிறது என்று யார், எப்போது எனக்குச் சொல்வார்கள்? மொழி போதாவிட்டால் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

பதில் திருப்தி தந்தால் அம்மம்மாவுக்கும் சொல்ல ஒன்று கிடைக்கும். எத்தனையாம் வகுப்பு என்பதோடு, பிள்ளை இன்று யாரிடம் எதைக் கற்றது, யாருக்கு எதைக் காட்டிக் கொடுத்தது என்பதையும் சொல்லலாம். திண்ணைப் பள்ளிக் கதைகளைத் தன் பாட்டனிடம் கேட்டு வளர்ந்தவராக இருந்தால், அது அவருக்குப் புதினமாகவும் இருக்காது.