சத்தமில்லாத குட்டி விமானம் 50 வருஷம் எதுக்காகக் காத்திருந்தது?

உங்க வீட்டுப் பிள்ளை ரிமோட்ல பறக்கிற மின்சார விமானம் கேட்குதா? தாராளமா வாங்கிக் கொடுங்க. அதுக்கு முன்னாடி அதோட கதையைக் கொஞ்சம் கேளுங்க. எதில் கவனமா இருக்கணும் என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கு.

ஒரு காலத்தில் மாடல் விமானம்னா குட்டி எஞ்சின்தான். எரிபொருள் மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், உராய்வைக் குறைக்க ஆமணக்கு எண்ணெய். ஆமாங்க, நம்ம விளக்கெண்ணெயேதான்! காதைக் கிழிக்கும் சத்தம், கையெல்லாம் பிசுக்கு. டாக்டரா என்னை உறுத்துவது அந்த மெத்தனால். கள்ளச்சாராயம் குடிச்சவங்க பார்வையைப் பறிக்கிறது இதே பொருள்தான்.

மின்சாரம் யாருக்கும் தோணலையா? தோணுச்சு. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் 'ரேடியோ குயின்' என்ற மாடலை சில்வர்-ஜிங்க் பேட்டரியில் பறக்கவிட்டார். ரேடியோவில் இயக்கிய மின்சார விமானத்துக்கு அதிகாரபூர்வமான முதல் பதிவு அதுதான்.

அப்புறம் ஏன் பரவலை? எடை. ஒரு கிலோ மெத்தனாலில் சுமார் 5,500 வாட்-மணி ஆற்றல் இருக்கு. ஒரு கிலோ நிக்கல்-காட்மியம் பேட்டரியில் 50 சொச்சம்தான். எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமா வீணடிச்சாலும் ஜெயிச்சிடும்.

சிலர் விடலை. ஃபிரெட் மிலிட்கி வடிவமைச்ச 'சைலன்டியஸ்' 1960இல் ஜெர்மனியின் கிரௌப்னர் நிறுவனத்திலிருந்து வந்தது. ரேடியோ கிடையாது, விட்டா தானா பறக்கும். அதே மனுஷர் 1973 அக்டோபர் 21 அன்று ஆஸ்திரியாவில் ஆள் ஏறிய மின்சார விமானத்தையே பறக்க வெச்சார். பொம்மையில் பழகின கை! அடுத்த வருஷம் அமெரிக்காவில் பவுச்சர் சகோதரர்களின் 'சன்ரைஸ்', சூரிய ஒளியிலேயே பறந்தது. அதுவும் ரேடியோவில் இயங்கியதுதான்.

கதவு நிஜமா திறந்தது 2000க்கு அப்புறம். லித்தியம் பாலிமர் பேட்டரி கிலோவுக்கு 150 வாட்-மணியைத் தாண்டுச்சு. கூடவே பிரஷ் இல்லாத மோட்டார், நியோடிமியம் காந்தம். பழைய சிடி டிரைவைப் பிரிச்சு, அதிலிருந்த மோட்டாருக்குப் புதுசா கம்பி சுத்தி விமானம் விட்டவங்க உண்டு. எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான்.

இப்ப உங்க விஷயத்துக்கு வர்றேன். முதல் விமானம் ஃபோம்ல, இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற மாதிரி வாங்குங்க. காத்து இல்லாத காலை நேரம், ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த மைதானம்.

சத்தம் இல்லைன்னா ஆபத்து இல்லைன்னு நினைக்காதீங்க. பழைய எஞ்சின் விரல்ல பட்டா பெரும்பாலும் நின்னுடும். மின்மோட்டார் தடை வந்தா இன்னும் அதிக கரண்ட் இழுத்து சுத்தத்தான் பார்க்கும். அதனால வீட்டுக்குள்ள சோதிக்கும்போது புரொப்பல்லரைக் கழட்டிடுங்க. முதலில் ரிமோட்டை ஆன் பண்ணி, த்ராட்டிலை அடியில் வெச்சு, கடைசியாதான் விமானத்தில் பேட்டரியை மாட்டணும்.

எடை குறைஞ்ச அந்த பேட்டரிதான் தீப்பிடிக்கவும் செய்யும். ஒரு செல் 4.2 வோல்ட்டுக்கு மேலே போகக் கூடாது. எடுத்து வைக்கும்போது 3.8 போதும். அதுக்குரிய சார்ஜர்ல, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்க. ராத்திரி மாட்டிட்டுத் தூங்க வேண்டாம். உப்பிப்போன பேட்டரியை இன்னொரு தடவை சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது.