‘டெக்னிக்கல் ஸ்நாக்’: விமானம் கிளம்பலாமா, வேண்டாமா? கேப்டன் எப்படி முடிவு செய்கிறார்?

வைட்ஃபீல்டில் விடியற்காலை நாலு மணிக்கு கேப் பிடித்து, தேவனஹள்ளி ஏர்போர்ட் போய், சீட் பெல்ட்டும் போட்டாச்சு. அப்போது கேப்டன் அறிவிக்கிறார்: ‘சின்ன டெக்னிக்கல் பிரச்னை, இன்ஜினியர் பார்த்துட்டு இருக்கார்.’ சென்னை மீட்டிங் போச்சே என்ற எரிச்சலும், இந்த விமானத்தில் போகலாமா என்ற பயமும் சேர்ந்தே வரும். அந்த நேரத்தில் காக்பிட்டில் என்ன நடக்கிறது?

பழுதோடு பறக்கலாமா?

பறக்கலாம், நிபந்தனைகளோடு. எந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும் பறக்கலாம் என்பதற்கு ‘எம்இஎல்’ என்ற பட்டியல் உண்டு. அதில் இல்லாத பாதுகாப்பு சார்ந்த பழுது என்றால், சரிசெய்யாமல் கிளம்பவே முடியாது. பட்டியலில் உள்ளவற்றுக்கும் கெடு இருக்கிறது: ‘பி’ பிரிவுக்கு 3 நாள், ‘சி’ பிரிவுக்கு 10 நாள், ‘டி’ பிரிவுக்கு 120 நாள். ‘ஏ’ பிரிவில் ஒவ்வொரு பழுதுக்கும் தனிக் கெடு.

அப்போ கேப்டனுக்கு என்ன வேலை?

எம்இஎல் தருவது ‘போகலாம்’ என்ற அனுமதி மட்டுமே. ‘போயே ஆகணும்’ என்ற உத்தரவு அல்ல. வானிலை ரேடார் வேலை செய்யாத விமானம் தெளிவான வானத்தில் போகலாம். வழியில் இடிமழை என்றால் கதையே வேறு. தனித்தனியாகச் சின்னதாகத் தெரியும் இரண்டு பழுதுகள், சேரும்போது பெரிதாகலாம். இன்ஜினியர் கையெழுத்து போட்ட பிறகும் கேப்டன் மறுக்கலாம். சர்வதேச விதிகளின்படி இறுதி அதிகாரம் அவருக்குத்தான்.

ஓட ஆரம்பித்த பிறகு?

எடை, ஓடுபாதை நீளம் ஆகியவற்றை வைத்து ‘வி1’ என்ற வேகத்தை முன்கூட்டியே கணக்கிடுகிறார்கள். அதைத் தாண்டிவிட்டால் நிறுத்துவதே ஆபத்து; மேலே போய், பிறகு திரும்பி இறங்க வேண்டும். 2022 அக்டோபர் 28 அன்று டெல்லியில் இருந்து பெங்களூருக்குக் கிளம்பிய இண்டிகோ விமானத்தின் இன்ஜினில் தீப்பொறி பறந்தது. விமானிகள் ஓடுபாதையிலேயே நிறுத்தினார்கள். விமானத்தில் இருந்த 184 பேரும் தப்பினர்.

திரும்பி வந்தால் ஆபத்து முடிந்ததா?

இல்லை. 2008 ஆகஸ்ட் 20, மாட்ரிட். ஸ்பான்ஏர் விமானிகள் வெப்பநிலை உணரி சூடாவதைக் கவனித்து, சரியாகவே திரும்பி வந்தார்கள். மெக்கானிக் அதன் ஹீட்டருக்கான மின் இணைப்பைத் துண்டித்தார். எம்இஎல்படி அனுமதியும் கிடைத்தது. ஆனால், தாமதமான அந்த இரண்டாவது முயற்சியில் இறக்கையின் ஃப்ளாப்களை விரிக்க மறந்துவிட்டார்கள். எச்சரிக்கை ஒலியும் வரவில்லை. 154 பேர் இறந்தனர். தடைப்பட்ட செக்லிஸ்ட்டை அவசரமில்லாமல் முதலில் இருந்து செய்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

‘எப்பதான் எடுப்பீங்க?’ என்று விமான ஊழியர்களை நெருக்காதீர்கள். அந்த அவசரம் காக்பிட் வரை போகக் கூடாது. ஆனால் உங்கள் உரிமையைக் கேளுங்கள். டிஜிசிஏ விதிப்படி, பெங்களூரு–சென்னை போன்ற குறுகிய பயணத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் உணவு தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். முக்கியமான மீட்டிங் இருந்தால், முந்தைய நாளே போய்விடுவது நல்லது.