வையையும் வைகையும்

போடிநாயக்கனூருக்கு மேற்கே மலைச்சரிவில் இறங்கும் நீருக்குக் கொட்டகுடி ஆறு என்று பெயர். மலையடிவாரத்துச் சிற்றூரின் பெயரையே அது தாங்கி வருகிறது. அப்பெயருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதன் நீர் போய்ச் சேரும் வைகைக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது?

நம் பகுதியில் யாரைக் கேட்டாலும் குண்டோதரன் கதையைச் சொல்வர். மீனாட்சி திருமணத்தில் சமைத்த உணவனைத்தையும் உண்ட பூதம் தாகத்தால் தவித்தது. இறைவன் 'வை கை' என்றார். கை வைத்த இடத்தில் ஆறு பெருகியது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்திலும் 'அன்னக்குழியும் வைகையும் அழைத்த படலம்' உண்டு.

ஆயினும் பழைய நூல்களில் நாம் காண்பது 'வையை' என்னும் வடிவம். மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் அவ்வாறே வழங்குகின்றன. 1918இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த பரிபாடலில் முழுமையாகக் கிடைத்துள்ள 22 பாடல்களுள் 8 வையைக்கு உரியவை. 'வையை' என்பதில் ககரமே இல்லை; பின்பு வந்த ககரத்தைப் பற்றிக்கொண்டு அதனுள் 'கை'யைக் காண்பது மொழி வரலாற்றுக்கு ஒவ்வாது. 'வேகவதி' என்னும் வடசொல்லே திரிந்து வைகை ஆயிற்று என்பார்க்கும் இதே தடை உண்டு. காஞ்சிபுரத்திலும் ஒரு வேகவதி ஓடுகிறது. விரைந்து ஓடும் எந்த ஆற்றுக்கும் பொருந்தும் புகழ்ப்பெயர் அது. வேர் தேடுவோர் வையையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

அப்படியானால் கதையைத் தள்ளிவிடலாமா? கூடாது என்பதே நம் கருத்து. பரிபாடல் பாடியது கரைபுரளும் புதுப்புனலை. கதை பேசுவதோ தாகத்தை. கோடையில் வறண்ட வைகை மணலைக் கையால் தோண்டி, ஊற்றுநீர் முகந்து குடித்த மக்களுக்குக் 'கை வைத்தால் நீர்' என்பது கற்பனை அன்று, அன்றாட அனுபவம். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் மலையைக் குடைந்து இப்பக்கம் திருப்பியதும், 1959இல் வைகை அணை எழுந்ததும் அந்தத் தாகத்தின் தொடர்ச்சியே.

வையை என்னும் வடிவம் ஆற்றின் வெள்ளத்தை நினைவூட்டுகிறது; 'வை கை' என்னும் பிழையான விளக்கம் அதன் வறட்சியை நினைவூட்டுகிறது. மாணவர்க்கு முன்னதைச் சொல்லிப் பின்னதை எள்ளி நகையாடினால், ஆற்றின் பாதி வரலாற்றையே நாம் கற்பித்தவர்களாவோம்.