பருவ மட்டையாட்ட மதிப்பீடு

பருவ மட்டையாட்ட மதிப்பீடு என்பது, ஓர் அணி ஒரு தொடர் முழுவதும் ஓட்டம் குவித்த திறனை, ஓரிரு பெரிய ஆட்டங்களின் பளபளப்பில் மயங்காமல் கணித்தறியும் முறையாகும். எடுத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்துப் பெறும் சராசரி நிலைத்தன்மையையும், ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்னும் ஓட்ட வீதம் வேகத்தையும் உணர்த்துகின்றன. அமெரிக்கப் பேஸ்பால் பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுவதால் ஒருநாள் கொண்டாட்டம் மொத்தக் கணக்கில் கரைந்துவிடும். இந்திய உள்நாட்டுக் கிரிக்கெட்டின் குறுந்தொடர்களிலோ அது கணக்கையே சாய்த்துவிடக்கூடும்.

தமிழ்நாட்டு அணியின் 2022–23 விஜய் ஹசாரே கோப்பைப் பருவம் இதற்குத் தக்க சான்று. 2022 நவம்பர் 21 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக அவ்வணி 50 ஓவரில் 2 விக்கெட் இழப்புக்கு 506 ஓட்டங்கள் எடுத்தது. நா. ஜெகதீசன் 141 பந்துகளில் 277 ஓட்டங்களும் சாய் சுதர்சன் 154 ஓட்டங்களும் அடிக்க, தொடக்க இணை மட்டும் 416 ஓட்டங்கள் சேர்த்தது. எதிரணி 71 ஓட்டங்களில் சுருண்டது. வலுக்குறைந்த பந்துவீச்சுக்கு எதிரான இந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்பது நேர்மையான மதிப்பீடாகாது. ஆனால் அந்தப் பருவத்தில் ஜெகதீசன் எடுத்த 830 ஓட்டங்களிலிருந்து இந்த 277-ஐ நீக்கினாலும் அவரது சராசரி 138.33-இலிருந்து 110.60-க்கே இறங்குகிறது; தொடர்ந்து ஐந்து சதங்கள் அடித்த அவரது ஆட்டம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அணியின் நிலை வேறு: காலிறுதியில் சௌராஷ்டிரம் வைத்த 294 ஓட்ட இலக்கைத் துரத்திய தமிழ்நாடு, ஜெகதீசன் விரைவில் வெளியேறிய நிலையில் 249 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து தொடரிலிருந்து வெளியேறியது.