ஒற்றை நாளம் (மருத்துவ வரலாற்றுத் தொடர் – 9)

நியூயார்க்கின் ஜெர்மன் மருத்துவமனையில் 1913 மார்ச் மாதம் ஃபிரான்ஸ் தோரெக் ஒரு பெண்மணியின் மார்பைத் திறந்து, புற்றுநோய் பிடித்த உணவுக்குழாயை அகற்றியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் குழாய் போன இடத்தில் வைக்க எதுவும் இல்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைத்து உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். மென்று விழுங்கியதெல்லாம் அந்த ரப்பர் வழியாகத்தான் இரைப்பைக்குப் போனது. அப்படியே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார் அவர். மற்றவர்கள் இதே அறுவையைச் செய்து பார்த்தபோது, நோயாளிகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை.

1933இல் கியோத்தோவிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஓசாவா என்ற ஜப்பானிய மருத்துவர் ரப்பர் குழாயைத் தூக்கி எறிந்துவிட்டார். வயிற்றில் இருக்கும் இரைப்பையையே மேலே இழுத்து, மார்புக்குள் கொண்டுவந்து, மிச்சமிருந்த உணவுக்குழாயோடு தைத்தார். 1946 ஜனவரியில் லண்டனில் ஐவர் லூயிஸ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் அந்த வழியைச் செம்மைப்படுத்தினார். முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையை விடுவிக்க வேண்டும். பிறகு வலப்பக்க மார்பைத் திறந்து நோயுற்ற குழாயை எடுத்துவிட்டு இரைப்பையை மேலேற்ற வேண்டும். இன்றும் இந்த ஆபரேஷனுக்கு அவர் பெயர்தான்.

நம் நாட்டுக்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. சரவாக்கின் குச்சிங்கில் 1921இல் பிறந்த ஓங் குவான் பீ. ஹாங்காங்கில் பணியாற்றிய இவர், 1960இல் தம் சகாவோடு சேர்ந்து ஒரு படி மேலே போனார். உண்மையாகவே மேலே. இரைப்பையை மார்போடு நிறுத்தாமல் தொண்டை வரைக்கும் ஏற்றிக் காட்டினார். மலேசியப் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆனால் இரைப்பை சும்மா மேலே வராது. நான்கு பக்கமிருந்தும் ரத்தக் குழாய்கள் அதைக் கட்டிப் பிடித்திருக்கின்றன. இடப்பக்கத்தில் உள்ளவற்றையும், மண்ணீரலிலிருந்து வரும் சிறு குழாய்களையும் கட்டி அறுத்தால்தான் இரைப்பை நீண்டு கழுத்தை எட்டும். கடைசியில் அது பெரும்பாலும் ஒரே தமனியை நம்பித்தான் உயிரோடு இருக்கும். இரைப்பையின் வெளிவளைவை ஒட்டி, வலப்பக்கத்திலிருந்து ஓடி வரும் தமனி அது. நான்கு வாய்க்கால் பாய்ந்த வயலில் மூன்றை அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைத்தது போல.

அந்த ஒற்றைத் தமனி எங்கிருந்து கிளம்புகிறது? இந்த அத்தியாயம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது. கல்லீரலுக்குப் போகும் தமனியிலிருந்து ஒரு கிளை பிரிந்து, முன்சிறுகுடலுக்குப் பின்னால் இறங்கி, கணையத்தின் தலைப்பகுதிக்கு வருகிறது. இரைப்பை–முன்சிறுகுடல் தமனி என்பது அதன் பெயர். ஒரு பென்சிலை விடவும் மெல்லியது. அங்கே அது இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளையைக் கணையத்துக்கும் மற்றொன்றை இரைப்பைக்கும் தருகிறது.

ஐவர் லூயிஸ் கவனமாகக் காப்பாற்றிய அந்த நாளத்தின் வேர், கணையத்தின் மேல் படுத்திருக்கிறது.

* * *

அதே காலத்தில், கடல் கடந்து நியூயார்க்கில், வேறொரு மருத்துவர் அந்த வேரையே அறுக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஆலன் விப்பிள். பாரசீகத்தின் உர்மியாவில் 1881இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். கணையத்தின் தலையில் வரும் புற்றுநோய், பித்தக் குழாயை நெருக்கி ஆளை மஞ்சளாக்கும். 1909இல் பெர்லினில் கௌஷ் என்பவர் இரண்டு கட்டமாக இந்த இடத்தை வெட்டி எடுத்திருந்தார். துணிந்து அவரைப் பின்தொடர்ந்தவர்கள் குறைவு.

1935இல் விப்பிள் மூன்று நோயாளிகளின் கதையை வெளியிட்டார். முதல் நோயாளி ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள்கூடத் தாண்டவில்லை. ஆட்டுக்குடலில் செய்த கேட்கட் நூலால் தைத்திருந்தார்கள். கணையத்தின் வேலைகளில் ஒன்று இறைச்சியைச் செரிப்பது. அதன் சாறு தையலையும் செரித்துவிட்டது. இணைப்பு பிரிந்துபோனது.

அடுத்த நோயாளிக்கு அவர் கையில் எடுத்தது பட்டு நூல். பட்டு தாங்கியது. அடுத்த இருவரும் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். ஒருவர் இரண்டு ஆண்டுகளை எட்டினார். எத்தனையோ பெரிய கண்டுபிடிப்புகளை இந்தத் தொடரில் சொல்லியிருக்கிறேன். ஒரு நூல் மாற்றம் என்னை இந்த அளவுக்கு நெகிழ வைத்ததில்லை.

1940 மார்ச்சில் இரைப்பைப் புற்றுநோய் என்று நினைத்து, பார்வையாளர்கள் சூழ நிற்க, அவர் ஒரு வயிற்றைத் திறந்தார். இரைப்பையில் கட்டி இல்லை. கட்டி கணையத்தின் தலையில் இருந்தது. நோயாளிக்குக் காமாலையும் இல்லை. அந்த இடத்திலேயே முடிவெடுத்து, ஒரே கட்டத்தில் கணையத் தலை, முன்சிறுகுடல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அந்த நோயாளி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். விப்பிள் ஆபரேஷன் என்று இன்று எந்த மருத்துவரும் சொல்வது அன்று பிறந்த வடிவத்தைத்தான். அதன் நடுவே வரும் படிகளில் ஒன்று, இரைப்பை–முன்சிறுகுடல் தமனியைக் கட்டி அறுப்பது. பொதுவாக அதனால் கேடில்லை. இரைப்பைக்கு வேறு தமனிகள் இருக்கின்றன.

இரைப்பையை ஏற்கெனவே மார்புக்குள் ஏற்றிக்கொண்டவருக்கு?

லூயிஸும் விப்பிளும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய தேவையே இல்லாத காலத்தில் வாழ்ந்தார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோயிலிருந்து தப்பி, மறுபடியும் வேறொரு புற்றுநோய் வரும் அளவுக்கு ஆயுள் கிடைத்தவர்கள் அன்று அரிது. இந்தச் சிக்கல் முதல் ஆபரேஷனின் வெற்றியில் பிறந்தது. வெறும் துரதிர்ஷ்டம் என்று இதை யாரும் சொல்லிவிடக் கூடாது.

நம் பினாங்கில் இப்படி ஒருவர் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜாலான் ரெசிடென்சியில் பொது மருத்துவமனை இருக்கிறது. புற்றுநோய்க்கென்றே 1976இல் தொடங்கிய மவுண்ட் மிரியம் இருக்கிறது. மேடானிலிருந்து கடல் தாண்டிக் குடும்பம் குடும்பமாக வந்து வைத்தியம் பார்க்கிறார்கள். புகைப்பழக்கம் இரண்டு புற்றுநோய்க்கும் பொதுவான காரணம். வெற்றிலை பாக்கு, புகையிலை சேர்க்காவிட்டாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2009இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. லெபோ பசார் பக்கம் போனால் வெற்றிலைக் கடையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. நம் பெரியவர்கள் வாயைச் சிவக்க வைத்துக்கொண்டு நம்மோடு பேசும்போது, வயதுக்கு மரியாதை என்று வாய் மூடி இருந்துவிடுகிறோம். இருக்கக் கூடாது. சொல்லிவிட வேண்டும்.

சரி, அவர் வந்துவிட்டார். பல ஆண்டுகளுக்கு முன் உணவுக்குழாயை எடுத்தவர். கண் மஞ்சளாக இருக்கிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது. சிடி ஸ்கேனில் கணையத் தலையில் கட்டி. வாலில் இருந்திருந்தால் இந்தத் தமனியின் பக்கமே போகாமல் தப்பிக்கலாம். தலையில் இருக்கிறது.

வழக்கமான விப்பிள் செய்தால், மார்புக்குள் இருக்கும் இரைப்பை ரத்தமில்லாமல் அழுகும். மார்பில் அழுகினால் உயிருக்கே கேடு. செய்யாமல் விட்டால் கணையப் புற்றுநோய் கொல்லும்.

ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் இந்த முடிச்சை அவிழ்க்கப் பல முறை முயன்றிருக்கிறார்கள். அவர்கள் எழுதிவைத்த முதல் வழி, தமனியை அறுக்காமலே அதைக் கணையத்திலிருந்து உரித்து எடுப்பது. ஸ்கேனில் நாளங்களின் வரைபடத்தை முன்கூட்டியே போட்டுக்கொள்கிறார்கள். பழைய தழும்புகளுக்கு நடுவே மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் போய், தமனியிலிருந்து கணையத்துக்குப் போகும் கிளையை மட்டும் கட்டி அறுத்து, இரைப்பைக்குப் போகும் கிளையை விட்டுவைக்கிறார்கள். தமனி மட்டும் போதாது. இரைப்பையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரையும் அதே இடத்தில் ஓடுகிறது. அதைத் தொலைத்தால் உள்ளே போன ரத்தம் தேங்கி இரைப்பை வீங்கிக் கருக்கும். இரண்டையும் காப்பாற்ற வேண்டும்.

காப்பாற்றினோமா என்று எப்படித் தெரியும்? இரைப்பை மார்புக்குள் ஒளிந்திருக்கிறது, வயிற்றைத் திறந்து நிற்பவரின் கண்ணில் படாது. உடம்பில் பச்சைச் சாயம் ஒன்றைச் செலுத்தி, தனி விளக்கில் எங்கே ஒளிர்கிறது என்று பார்க்கும் முறை இன்று இருக்கிறது. உள்நோக்குக் கருவியை வாய் வழியாக விட்டு இரைப்பையின் நிறத்தைப் பார்க்கலாம்.

அறுக்கத் துணியும் முன் இன்னொரு சோதனையும் உண்டு. தமனியை மெல்லிய கிளிப்பால் சற்று நேரம் இறுக்கிப் பிடித்து, இரைப்பைப் பக்கம் நாடித்துடிப்பு நிற்கிறதா என்று பார்ப்பது. நிற்கவில்லை என்றால் வேறு வழியாக ரத்தம் வருகிறது, நிம்மதி.

நின்றுவிட்டால்? அதோடு, கட்டி தமனியையே சுற்றிப் பிடித்திருந்தால்? உரித்தால் புற்றுநோயை விட்டுவர வேண்டியிருக்கும். அறுத்தால் இரைப்பை போகும். ஆபரேஷன் மேசையில் வயிறு திறந்தே இருக்கிறது. மயக்க மருத்துவரின் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிளிப் இறுகியிருக்கிறது. நாடியைத் தொட்டிருக்கும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

அப்போது ஒருவர், மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவாருங்கள் என்கிறார்.

(தொடரும்)