உலகம் எவருடையது?

"ஊர் உலகம் என்ன சொல்லும்?"

கைம்பெண் ஒருத்திக்கு மறுமணம் என்ற பேச்சு எழுந்தவுடன் இந்தக் கேள்வி எழுகிறது. சாதி வேலியைத் தாண்டி இருவர் மாலை மாற்றிக்கொள்ள முனைந்தால், பெற்றவர் வாயிலிருந்து முதலில் புறப்படுவதும் இதுவே. கேட்பவர் அஞ்சுகிறார், கேட்கப்பட்டவர் தலை குனிகிறார். ஆனால், அஞ்சத்தக்க அந்த உலகம் எங்கே இருக்கிறது, அதில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று நாம் ஒருநாளேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணிப் பார்த்தால், தெருமுனைத் திண்ணையில் அமர்ந்திருக்கும் நாலு பேர்தாம் அந்த உலகம் என்பது விளங்கும். விண்ணும் மண்ணும் அடங்கிய பெருஞ்சொல், நாலு பேருக்குள் எப்படி அடங்கிற்று? அதன் வரலாற்றைத்தான் இங்கே ஆராயப் புகுகிறோம்.

தமிழில் கிடைத்துள்ள முதல் இலக்கண நூலாகிய தொல்காப்பியம், உலகம் என்பது யாது என்று மரபியலில் வரையறுக்கிறது. நிலம், தீ, நீர், காற்று, வானம் என்ற ஐந்தும் கலந்த கலவையே உலகம் என்கிறது அது. படைத்தவன் யார் என்ற கேள்விக்குள் நுழையாமல், பொருள்களின் சேர்க்கை என்றே சொல்லிச் செல்லும் தெளிவை நோக்குங்கள்! அதே நூல், சொல்லதிகாரத்தில் மற்றொரு செய்தியையும் தருகிறது. காலம், உலகம், உயிர், உடம்பு முதலான சொற்கள் உயர்திணைப் பொருளைக் குறித்து வந்தாலும் ஆண் என்றும் பெண் என்றும் பிரிந்து இசையா. அஃறிணை முடிபையே கொள்ளும் என்பது அதன் கருத்து. அவ்விடத்தில் உலகம் என்பதற்கு மக்கள் தொகுதி என்று பொருள் கண்டார் உரையாசிரியர் சேனாவரையர். உலகம் சிரித்தது என்கிறோமேயன்றி, உலகம் சிரித்தான் என்றோ சிரித்தாள் என்றோ சொல்வதில்லை. ஆணென்றும் பெண்ணென்றும் பிரிக்க முடியாத சொல்லாகத்தான் இலக்கணம் இதனைப் படைத்தது. பிரித்தவர்கள் பின்னால் வந்தார்கள்.

சங்கப் புலவரும் இச்சொல்லை அகன்ற பொருளிலேயே ஆண்டனர். கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி என்ற பாண்டியன், இந்த உலகம் எதனால் நிலைத்து நிற்கிறது என்று புறநானூற்றில் வினவுகிறான். அமிழ்தமே கிடைப்பினும் தனித்து உண்ணாதவர், தமக்கென வாழாது பிறர்க்கென முயல்பவர் இருப்பதனால்தான் என்று விடையும் கூறுகிறான். முத்துக் குளிக்கும் கொற்கைத் துறையை ஆண்ட குடியில் தோன்றி, கடலிலேயே மறைந்தவன் என்று பெயரே சொல்லும் ஒருவனின் வாக்கு அது. குறளின் முதற்பா இச்சொல்லில் முடிகிறது. திருமுருகாற்றுப்படையும் பெரியபுராணமும் கம்பனின் காப்பியமும் இச்சொல்லில் தொடங்குகின்றன. ஒரு நூலை 'உலகம்' என்று தொடங்குவது மங்கலம் என்று பிற்காலத்தார் இதனையே மரபாக்கினர்.

இச்சொல் எங்கே பிறந்தது என்பதில் அறிஞரிடையே வழக்கு உண்டு. 'லோகம்' என்ற வடசொல்லே, லகரம் சொல்லின் முதலில் வாராது என்ற தமிழ் மரபால் உகரம் சேர்ந்து உலகம் ஆயிற்று என்பர் ஒருசாரார். உலவுதல், வளைதல் என்னும் பொருளுடைய தமிழ் வேரிலிருந்து கிளைத்தது என்பர் மற்றொரு சாரார். வேர் எதுவாயினும் ஆகுக! ஈராயிரம் ஆண்டாகத் தமிழன் நாவில் வளர்ந்து, தமிழ் இலக்கணத்துக்கு உட்பட்டு, தமிழ்ப் பொருள் பூண்டு நிற்கும் சொல் இது. நமது வழக்கு அதன் பிறப்பைப் பற்றியதன்று. அதற்கு நேர்ந்த சிறுமையைப் பற்றியது.

இதன் உறவுச் சொற்களையும் பார்ப்போம். ஞாலுதல் என்றால் தொங்குதல். விசும்பிலே தொங்குவது ஞாலம். வையம் என்பது உலகையும் குறிக்கும், உருளும் வண்டியையும் குறிக்கும். வடமொழியிலிருந்து வந்த அண்டம் முட்டையைச் சுட்டுவது. பிரபஞ்சம் விரிவைச் சுட்டுவது. அகிலம் எஞ்சாமல் அனைத்தும் என்று பொருள் தருவது. கிரேக்கரின் 'காஸ்மாஸ்' ஒழுங்கையும் அணியையும் குறித்த சொல். ஒவ்வோர் இனமும் தன் கண்ணுக்குப் பட்டதைக் கொண்டு முழுமைக்குப் பெயர் வைத்தது. அவற்றுள் எதுவும் 'உயர்ந்தோர்' என்று பொருள்பட்டுப் பிறக்கவில்லை.

பின் அப்பொருள் எங்கிருந்து வந்தது? நிகண்டு நூலார் உலகம் என்ற சொல்லுக்கு உயர்ந்தோர் என்றும் பொருள் எழுதினர். குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் சில இடங்களில் அப்பொருளையே கொண்டார். அறிவாலும் பண்பாலும் உயர்ந்தோர் என்றால் நாமும் உடன்படலாம். ஆனால், ஒழுக்கமுடைமை என்ற அதிகாரத்திற்கு முன்னுரை தந்த அதே உரையாசிரியர், தத்தம் வருணத்திற்கு விதிக்கப்பட்டதே ஒழுக்கம் என்றன்றோ எழுதிவைத்தார்! பிறப்பு ஒக்கும் என்ற வள்ளுவரின் நூலுக்குள் வருணம் நுழைந்தது; உயர்ந்தோரே உலகம் என்ற பொருளும் உடன் நுழைந்தது. இரண்டும் சேர்ந்தால் விளைவது யாது? பிறப்பால் உயர்ந்தோரே உலகம். மற்றவர் உலகத்தில் இருந்தும் உலகத்தைச் சேராதவர்!

அப்படி உலகத்தைச் சேராதவர் என்று ஒதுக்கப்பட்டோர் வாழ்ந்த மண்ணுள் ஒன்று நாசரேத். தூத்துக்குடி மாவட்டத்தில், பனையும் செம்மணல் தேரியும் சூழ்ந்த ஊர். கிழக்கே சிறிது தொலைவில் முத்துக் கடல். இயேசு வளர்ந்த கலிலேயா நாட்டு ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்டு, கிறித்தவக் குடியேற்றமாக வளர்ந்த ஊர் அது. அவ்வட்டாரத்துப் பனையேறி மக்களுக்குக் கோயில் வாயில் அடைக்கப்பட்டிருந்தது. தெற்கே திருவிதாங்கூரில் அவ்வினப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை போராட நேர்ந்தது. கமுதிக் கோயிலில் 1897-இல் நாடார்கள் நுழைந்ததன்மேல் எழுந்த வழக்கு, 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அனைத்து உலகங்களையும் படைத்தவன் என்று பாடப்பெறும் இறைவனின் சன்னிதியில், அவ்வுலகத்து மக்களுக்கே இடமில்லை!

பாதிரிமார் புதிய உலகம் ஒன்றைக் காட்டினார்கள். 1876-இல் நாசரேத்துக்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ், தாதுவருடப் பஞ்சத்தில் அனாதையான பிள்ளைகளைச் சேர்த்து, 1878-இல் தொழிற்பள்ளி தொடங்கினார். 1908-இல் மறையும் வரை அவ்வூருக்கே உழைத்தார். அவர் பெயரால் இன்றும் அங்கே பள்ளி நடக்கிறது. இதனை நாம் நன்றியுடன் சொல்கிறோம். ஆயினும் அந்தப் புதிய உலகத்திலும் வேலி இருந்தது. தமிழின் பெருமையை 1856-இல் ஒப்பிலக்கணத்தால் உலகறியச் செய்த கால்டுவெல், 1849-இல் நாடார் மக்களைப் பற்றி எழுதிய நூலில் அவர்களைத் தாழ்த்தியே வரைந்தார். மொழியை உயர்த்திய கை, அம்மொழி பேசிய மக்களைத் தாழ்த்தியது. அம்மக்கள் வாளா இருக்கவில்லை. நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், 1857-இல், சட்டாம்பிள்ளை என்பவர் வெள்ளைப் பாதிரிமாரின் ஆட்சியை உதறித் தனிச்சபை கண்டார். உங்கள் உலகத்தில் எமக்குச் சரியாசனம் இல்லையேல், எம் உலகத்தை நாமே அமைப்போம் என்பதல்லவா அதன் பொருள்!

தென்கோடியில் அய்யா வைகுண்டரின் அன்பர்கள் தொகுத்த நூலின் பெயரையும் இங்கே நினைவு கூர்வோம். 1841-இல் உருவான அந்நூல் அகிலத்திரட்டு அம்மானை. ஒரு தெருவில் நடக்க உரிமையற்றிருந்த மக்கள், தம் நூலுக்கு இட்ட பெயர் அகிலம்! எஞ்சாமல் அனைத்தும் என்று பொருள்படும் சொல்லை, எல்லாவற்றிலும் எஞ்சி நின்றவர்கள் கையில் எடுத்தார்கள்.

வேத மொழிபெயர்ப்பின் கதையும் நமக்கு ஒரு பாடம் தருகிறது. சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடியில் அச்சிட்டார். பவர் குழுவினரின் பெயர்ப்பு 1871-இல் முழுமை பெற்றது. அம்மரபில் வந்த தமிழ் வேதம் வானம், பூமி என்ற சொற்களை ஏற்றதோடு, இறைவன் உறையும் இடத்திற்குப் பரலோகம் என்று பெயர் தந்தது. நாசரேத்தின் கோயிலில் மன்றாடுவோர் நாவில் அச்சொல் தலைமுறை தலைமுறையாக ஒலித்தது. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் காற்று மெல்ல மெல்ல அங்கும் வீசிற்று. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, விண்ணுலகு, மண்ணுலகு என்று தமிழாக்கித் தந்தது. சொல் மாறினால் கொள்கை கெட்டுவிடும் என்று அஞ்சியவர் உண்டு. கொள்கை கெடவில்லை, படிப்பவருக்குப் பொருள் தெளிந்தது.

இன்று அறிவியல் நமக்குக் காட்டும் உலகம் எத்தகையது? திருவாசகத்துத் திருவண்டப்பகுதியில், நூற்றொரு கோடிக்கு மேற்பட்ட அண்டங்களைக் கற்பனை செய்து, வீட்டுக்குள் நுழையும் ஞாயிற்றுக் கதிரில் மிதக்கும் துகளோடு அவற்றை ஒப்பிட்டார் மாணிக்கவாசகர். அந்நூலை 1900-இல் ஆங்கிலத்தில் தந்த போப், இதே வட்டாரத்துச் சாயர்புரத்தில் பணிபுரிந்தவர். கற்பனையை விஞ்சிவிட்டது கணக்கு. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்; நமக்குப் புலப்படக்கூடிய பகுதியின் குறுக்களவு மட்டும் ஏறத்தாழ 9,300 கோடி ஒளியாண்டுகள். நம் உடலின் சுண்ணமும் குருதியின் இரும்பும் விண்மீன்களின் உலையில் வெந்த பொருள்களே. எந்த விண்மீனில் வெந்த இரும்பு மேற்குலத்தார் குருதிக்கு, எது கீழ்க்குலத்தார் குருதிக்கு என்று பிரித்துக் காட்ட எவரால் இயலும்?

நாசரேத்துக்குத் தெற்கே, அதே மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில், சிறு செயற்கைக்கோள்களை ஏவும் தளத்திற்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. பனையேறியின் பிள்ளையும், முத்துக் குளித்தவரின் பேரனும் தம் ஊர்க் கரையிலிருந்து விண்ணை அளக்கும் நாள் வருகிறது. அந்நாளிலும் அதே கரையூரில் ஒரு தாய், காதலித்த மகளைப் பார்த்து, ஊர் உலகம் என்ன சொல்லும் என்று கண்கலங்குவாளானால், நாம் ஏவிய கருவி எவ்வளவு உயரம் போனாலென்ன?

சொற்களை மீட்பது என்றால் அகராதியில் மட்டும் மீட்பதன்று. உலகம் என்ற சொல்லை நாலு பேர் திண்ணையிலிருந்து இறக்கி, தொல்காப்பியம் வைத்த இடத்தில் மீண்டும் வைக்க வேண்டும். அங்கே அது ஐம்பொருளின் கலவை. மக்கள் அனைவரின் தொகுதி. இனி எவரேனும் உலகம் என்ன சொல்லும் என்று கேட்டால், அஞ்சாமல் விடை கூறுவோம்: "நாமும் உலகமே, நாம் சொல்வதையும் கேளுங்கள்!"